ஒரே நாளில் இருபதாம் பதிப்பு

காலை பத்தரை மணிக்கு என் லைப்ரரியின் 1.0 பதிப்பை வெளியிட்டுவிட்டு, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நான்கு முறை ஓடினேன். ஓட வேண்டிய வேலை எதுவும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆறு வருஷமாக 0.9-இலேயே தொங்கிக்கொண்டிருந்த சனியன் ஒருவழியாக ஒன்றைத் தொட்டுவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

லைப்ரரி என்றதும் புத்தக அலமாரியை நினைத்துவிடாதீர்கள். நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் சொருகிக்கொள்ளும் ஒரு துண்டு இது. என்னுடையதன் பெயர் வட்டவரி. ஒரு பெயரையும் ஒரு வட்டத்தின் அளவையும் கொடுத்தால், பெயரை எத்தனை வரியாக உடைப்பது, எங்கே உடைப்பது, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்கு வேறு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான். இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடித்த மாதிரி மாற்றலாம், என்னைத் திட்டலாம். கடைசியைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள்.

பதிப்பு எண்ணுக்கு ஒரு நியாயம் உண்டு. மூன்று எண்கள், நடுவில் புள்ளிகள். கடைசி எண் மாறினால் ஒட்டடை அடித்திருக்கிறோம் என்று பொருள். நடு எண் மாறினால் ஓர் அறை கூடுதலாகக் கட்டியிருக்கிறோம். முதல் எண் மாறினால் வாசலையே இடம் மாற்றிவிட்டோம், பழக்கதோஷத்தில் நடந்து வந்தால் சுவரில் முட்டிக்கொள்வீர்கள், ஜாக்கிரதை. முதல் எண் பூஜ்யமாகவே இருந்தால்? "எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றுவேன், கேட்காதே" என்று பொருள். அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால்தான் ஆறு வருஷம் ஒளிந்திருந்தேன். 0.9.1, 0.9.2 என்று எண்ணி எண்ணி 0.9.47 வரை வந்தேன். ஒன்று என்று எழுதிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. வாக்குக் கொடுக்க எனக்குப் பயம்.

இன்று கொடுத்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? அறிவிப்பில் கொட்டை எழுத்தில் "இனி ஐந்து வருஷத்துக்கு முதல் எண் மாறாது" என்று வேறு எழுதித் தொலைத்தேன். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், தாராளமாகக் கொடுப்போமே என்ற கொழுப்பு.

இன்றைக்கே வெளியிட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு என் அக்கா செவிலியர் பள்ளியில் பட்டயம் வாங்குகிறாள். நாற்பத்து மூன்று வயதில். நல்ல நாளில் நல்ல காரியம் இரண்டாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அக்காவின் வகுப்பில் அறுபத்து நான்கு பேர். அக்காவைத் தவிர எல்லாம் இருபது வயதுக் குட்டிகள். அந்தப் பள்ளியில் யாருக்கும் பெயர் கிடையாது. வருகைப் பதிவில் எண், வார்டு அட்டவணையில் எண், கோட்டில் குத்திக்கொள்ளும் வில்லையில் எண். தலைமை ஆசிரியையைப் பிள்ளைகள் பெரிய மேடம் என்பார்கள். அவர் வராந்தாவின் ஒரு முனையிலிருந்து "முப்பத்தொன்று!" என்று கூப்பிட்டால் மறுமுனையிலிருந்து என் அக்கா ஓட வேண்டும். மூன்று வருஷம் அப்படித்தான் ஓடினாள். வீட்டில் தொலைபேசி அடித்தால்கூட "முப்பத்தொண்ணு பேசுறேன்" என்று எடுத்திருக்கிறாள். நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் போன மாதம் ஒருநாள் சிரிக்காமல் சொன்னாள்.

"கடைசி நாள்லயாவது அறுபத்து நாலு பேருக்கும் பேர் இருக்கணும்டி. முழுப் பேர். அப்பா பேரோட, எல்லாத்தோட. ஆளுக்கு ஒரு கேக், அது மேல அவங்கவங்க பேர். நான் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்."

சொன்னது யாரை நம்பி என்றால் தன் கணவரை நம்பி. அவர் ரொட்டிக் கடைக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கடையில் கிரீமால் எழுதும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. நீண்ட கை, நுனியில் குழாய், கீழே மேசை. அதை ஓட்டுகிற நிரலை எழுதிக் கொடுத்தவள் நான். அந்த நிரலுக்குள் உட்கார்ந்து கணக்குப் போடுவது வட்டவரி. சொல்லப்போனால் வட்டவரி பிறந்ததே அந்தக் கடைக்காகத்தான்.

இங்கே மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தியுள்ளவர்கள் தங்களுக்கு ஒத்துவரும் பதிப்பு ஒன்றைப் பிடித்து, இதுதான் வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மாமாவிடம் அதைச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்.

"அப்படின்னா பழசா?"

"பழசுன்னு இல்ல மாமா. நல்லா வேலை செய்யுறது."

"நேத்து ரொட்டிகூட நல்லாத்தான் இருக்கும். இன்னிக்கு வித்தா கடையில ஒருத்தன் நுழைவானா? எனக்குப் புதுசுதான் வேணும். தினமும்."

விளையாட்டாக நானும் அவருக்குத் திரையில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். அதன் மேல் "புதுசு" என்று எழுதியிருக்கும். அழுத்தினால் இருப்பதை அழித்துவிட்டு, களஞ்சியத்தில் எந்த எண் பெரியதோ அதைக் கொண்டுவந்து நிறுவும். பழசைக் கேட்க வழியே கிடையாது. காலையில் கடை திறந்ததும் ஒரு தடவை அழுத்துவார். பெரிய ஆர்டர் என்றால் எழுத ஆரம்பிக்கும் முன்னால் இன்னொரு தடவை. சாயங்காலம் மேசையில் உதிர்ந்த தூளைத் துடைக்கும்போது வட்டவரியையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். உலகத்திலேயே என் லைப்ரரியை அதிகம் தடவை நிறுவியவர் அவர்தான். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் ஒன்றும் ஆகவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் என்று நினைத்து, "மாமா! பாத்தீங்களா, ஒண்ணு வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"ஒண்ணு இல்லம்மா, ஒம்பது. ஒம்பது கேக்கு போச்சு."

"என்னாச்சு?"

"மிஷின் மேசையில எழுதுது."

"எதுல?"

"மேசையிலம்மா! பேர் கேக்குக்கு வெளிய ஆரம்பிக்குது. நடுவுல ரெண்டெழுத்து, மூணெழுத்து கேக்கு மேல விழுது. மறுபடி இந்தப் பக்கம் மேசைக்கு வந்துடுது. நான் அடுப்புப் பக்கம் நின்னதால முதல் எட்டைப் பாக்கல. ஒம்பதாவதைத் தடுக்கலாம்னு குறுக்கே போனேன். என் வயித்துல ஒரு 'ணி' போட்டுடுச்சு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் பாவம், வயிற்றைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் அரை நிமிஷம் சிரித்திருப்போம். அதற்குப் பிறகுதான் என் மண்டையில் உறைத்தது.

0.9 வரைக்கும் வட்டத்தின் அளவு என்றால் விட்டம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. 1.0-இல் அதை ஆரமாக மாற்றியிருந்தேன். நடுவிலிருந்து ஓரம் வரை. கணக்கு அழகாக வரும் என்பதற்காக. அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தேன், ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லியிருந்தேன். சொந்த அக்கா வீட்டுக்காரர் கடையிலிருக்கும் நிரல், அதுவும் நானே என் கையால் எழுதியது, இன்னும் விட்டத்தைத்தான் அனுப்புகிறது என்பதை மட்டும் சுத்தமாக மறந்துவிட்டேன். அது பன்னிரண்டு என்று அனுப்புகிறது. வட்டவரி அதை ஆரமாக எடுத்துக்கொண்டு, ஆஹா, இருபத்து நான்கு சென்டிமீட்டர் கேக் என்று நீட்டி முழக்குகிறது.

"மாமா, திரையில அளவு ஆறுன்னு வைக்க முடியுமா?"

"எங்க வைக்கிறது? நீ குடுத்த பொத்தான் நாலு. பன்னெண்டு, பதினாறு, இருபது, இருபத்து நாலு. ஆறு இல்ல."

இல்லைதான். அந்தத் திரையை மாற்ற வேண்டுமானால் நான் நேரில் போக வேண்டும். கடை என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஒரு கேக்குக்கு ஒரு நிமிஷம் வீதம் அறுபத்து நான்கு எழுத வேண்டும். இரண்டரைக்குள் வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு மணிக்குள் இயந்திரம் ஒழுங்காக எழுத ஆரம்பிக்காவிட்டால் அக்கா சொன்ன சொல் காற்றில் போகும்.

"கையால எழுத முடியாதா மாமா?"

"என் கையெழுத்தை உங்க அக்கா பாத்திருக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடிதம் எழுதினேன். இன்னிக்கு வரைக்கும் அதுல என்ன எழுதியிருக்குன்னு என்னையே கேக்குறா."

"சரி. ஒம்பது கேக்குலயும் கிரீமை வழிச்சிட்டு மேல பூசி வைங்க. இருபது நிமிஷத்துல கூப்பிடுறேன். 'புதுசு'வை நான் சொல்லாம தொடாதீங்க."

"உங்க அக்காகிட்ட சொல்லவா?"

"வாயே திறக்காதீங்க!"

கணினி முன்னால் உட்கார்ந்தேன். செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். அளவை மறுபடி விட்டமாக ஆக்க வேண்டும். கேள்வியெல்லாம் எண்ணைப் பற்றி. 1.0.1 என்று போட்டுவிடலாமா? ஒட்டடைதான் அடித்தேன் என்று சொல்லிவிட்டு, சந்தடியில்லாமல் வாசலை இருந்த இடத்துக்கே நகர்த்திவிடலாமா? வெளியிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள்? இதுவரை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பதினான்கு. அதில் பத்துப் பன்னிரண்டு ரோபோவாக இருக்கும். மிச்சத்தில் பாதி மாமாவாக இருக்கும். போட்டுவிடலாம் என்று கை போய்விட்டது.

அப்போதுதான் புதிதாக வந்திருந்த மின்னஞ்சல் ஒன்று கண்ணில் பட்டது. எங்கோ தூர தேசத்தில் வட்டமான பித்தளைப் பெயர்த் தட்டு செதுக்குகிறவர். ஆறு வருஷமாக என்னிடம் குறை மட்டுமே சொல்லி வந்தவர். இன்று எழுதியிருந்தார்: "ஒருவழியாக ஒன்று. ஆரமாக மாற்றியது சரியான முடிவு. என் பட்டறை நிரல் முழுவதையும் காலையிலேயே மாற்றிவிட்டேன். சிறு திருத்தங்கள் தானாக வந்து இறங்கும்படி வைத்திருக்கிறேன். நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், இனி எனக்குக் கவலையில்லை. நாளை முந்நூறு தட்டு."

கிழிந்தது போ என்று நாற்காலியில் சாய்ந்தேன். 1.0.1 என்று போட்டால் அது அவர் பட்டறைக்குள் தானாகப் போய் இறங்கும். அவர் அனுப்பும் ஆரத்தை விட்டமாக எடுத்துக்கொள்ளும். முந்நூறு தட்டிலும் பெயர் எறும்பு ஊர்கிற மாதிரி நடுவில் சுருண்டு கிடக்கும். பித்தளையில் செதுக்கியதை வழித்துவிட்டு மேலே பூச முடியாது. என்னை நம்பி வந்த ஒரே மனிதரையா சுவரில் முட்டவைப்பது?

முதல் எண்ணைத்தான் மாற்ற வேண்டும். வேறு வழியில்லை. அது தானாகப் போய் இறங்காது, அவர் பிழைத்தார். ஆனால் என் மானம்? "ஐந்து வருஷத்துக்கு முதல் எண் மாறாது." காலையில் பிறந்த ஒன்று, மத்தியானச் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் இரண்டாகிறது. இனி இந்தத் தொழிலில் எவன் என்னைப் பார்த்தாலும் சிரிப்பான். முகம் சுட்டது. ஆறு வருஷம் காத்து வைத்த சொல்லை இரண்டு மணி நேரம்கூடக் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுகையாகவும் வந்தது. அக்காவை நினைத்தேன். அவளும் ஒரு சொல் கொடுத்திருக்கிறாள். இரண்டில் ஒன்று போயாக வேண்டுமென்றால் என்னுடையது போகட்டும்.

முடிவு எடுத்ததும் ஏனோ மறுபடி உற்சாகம் தலைக்கேறிவிட்டது. விரல்கள் பறந்தன. பத்து நிமிஷத்தில் நிரலை மாற்றினேன். சோதனைகளை ஓட்டினேன், எல்லாம் பச்சை. எண்ணை எழுதினேன். அனுப்பினேன். களஞ்சியம் ஏற்றுக்கொண்டது. "வெளியானது: வட்டவரி 20.0" என்று திரையில் வந்தது.

இருபதா?

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். இருபதேதான். 2.0.0 என்று அடிப்பதற்குப் பதிலாக அவசரத்தில் முதல் புள்ளியை விட்டுவிட்டேன். ஒன்று கொடுக்க ஆறு வருஷம் யோசித்தவள், ஒன்றிலிருந்து இருபதுக்கு ஒரே தாவலாகத் தாவியிருக்கிறேன். திரும்ப இறங்கவும் முடியாது. இரண்டு என்று இனிமேல் போட்டால் "புதுசு" அதைச் சீந்தாது, அதற்குப் பெரிய எண்தான் வேண்டும். சரி, தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? தொலைபேசியை எடுத்தேன்.

"மாமா, அழுத்துங்க."

அழுத்தினார். 

"இருபதுன்னு காட்டுது."

"தெரியும்."

"காலையில ஒண்ணு, இப்ப இருபதா? அப்ப ரொம்பப் புதுசு!" அவர் குரலில் அப்படியொரு மரியாதை. ஆறு வருஷத்தில் என்னை அவர் பாராட்டியது இன்றைக்குத்தான்.

"முதல் கேக்கை வைங்க மாமா. திரும்பி நிக்காதீங்க, பாத்துட்டே இருங்க."

இயந்திரம் முனகுவது எனக்கும் கேட்டது. ஒரு நிமிஷம் ஒரு யுகமாகப் போயிற்று.

"உள்ள உக்காந்திருக்கு," என்றார் மெதுவாக. பிறகு கடையே அதிரும்படி, "உள்ள உக்காந்திருக்கும்மா! மூணு வரி! புள்ளி வரைக்கும் உள்ள!"

மணி பன்னிரண்டு ஐம்பது. அறிவிப்பை மாற்றி எழுதினேன். "காலையில் வாக்குக் கொடுத்தேன். மத்தியானம் மீறிவிட்டேன். தப்பு என்னுடையது. 1.0 ஒழுங்காக வேலை செய்கிறது, அதில் இருப்பவர்கள் அதிலேயே இருக்கலாம். அதையும் நான் பராமரிப்பேன். இருபது ஏன் என்று கேட்காதீர்கள்." தட்டுக்காரருக்குத் தனியாகவும் எழுதினேன். செருப்பைக் காலில் மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது. "நான் ஒன்றிலேயே இருக்கிறேன். நீங்கள் நூறைத் தொடும்போது சொல்லி அனுப்புங்கள்."

நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளியின் பெரிய அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைகளில் வெள்ளைக் கோட்டு அணிந்த அறுபத்து நான்கு பேர், பின்னால் குடும்பங்கள். மாமா சட்டை மாற்றாமல் வந்திருந்தார். வயிற்றில் அந்த 'ணி' மங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"ஒரு சிக்கல்மா," என்று காதில் கிசுகிசுத்தார். "பட்டியல்ல ஒண்ணுலேருந்து அறுபத்து நாலு வரைக்கும் வரிசையாத்தான் இருந்துச்சு. வழிச்சு, பூசி, எது காஞ்சுதோ அதை எடுத்து எழுதினதுல வரிசை கலைஞ்சு போச்சு. எது யாரோடதுன்னு எண் வச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

மேடையில் நீண்ட மேசை. அதன் மேல் மூடி வழியாக உள்ளே தெரிகிற அறுபத்து நான்கு பெட்டிகள். பெரிய மேடம் கையிலிருந்த எண் பட்டியலைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். பிறகு பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பெட்டியைக் கையில் எடுத்தார். படிக்க ஆரம்பித்தார்.

முதல் பெயரில் அப்பா பெயரைத் தப்பாகப் படித்தார். அந்தப் பெண் இருந்த இடத்திலிருந்தே திருத்தினாள். மேடமும் திருத்திப் படித்தார். அறை சிரித்தது. இரண்டாவது பெயருக்கு ஒருத்தி துள்ளி எழுந்தாள். அவள் தோழி, "அடிப்பாவி, இதுதான் உன் முழுப் பேரா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அடக்க ஆளில்லை. மூன்று வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள் ஒருத்தி பெயரை ஒருத்தி இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல், விசில். போகப் போக மேடமே குரலை உயர்த்தி, மூச்சு பிடித்து, கடைசி எழுத்து வரை விடாமல் படிக்க ஆரம்பித்துவிட்டார். மாமா ஒவ்வொன்றுக்கும் "வட்டத்துக்குள்ளயே இருக்கு பாத்தியா" என்று என் கையை இடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒரே ஒரு பெட்டி மிச்சமிருந்தது. மேடம் அதை எடுத்தார். மூன்று வரி. நிதானமாக, ஒரு பிசகும் இல்லாமல் படித்தார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரடி இவள், மேடத்தை நிற்க வைத்துவிட்டு எழாமல் இருக்கிறாள் என்கிற கோபம் அவள் முகத்தில். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பொறுக்க முடியாமல் எழுந்து, "அக்கா!" என்று கத்தினேன்.

பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, நீங்கதான்! உங்களைத்தான்!"

"நானா?" என்றாள் என் அக்கா.

எழுந்தாள். மேடை வரை நடந்து போனாள். பெட்டியை வாங்கினாள். மூடி வழியாக அந்த மூன்று வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு பெரிய மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், இன்னொரு தடவை கூப்பிடுங்க."

மேடம் கூப்பிட்டார்.